சத்தியஜித் ராயின் ‘தேவி’: அருட்காட்சிக்கு ஓர் உரைகல்

இறைவன் அடியார்க்குக் கனவிலும் நனவிலும் தோன்றி அருள்புரிந்த செய்திகள் நம் சமய இலக்கியங்களிற் பலவாகக் காணப்படுகின்றன. நம் ஊர்க் கோயில்கள் பலவற்றின் வரலாற்றைக் கேட்பின், யாரோ ஒருவர் கண்ட கனவிலிருந்தே கதை தொடங்குவதையும் காணலாம். கனவை வெறும் மனமயக்கம் என்று தள்ளிவிடுவது நம் மரபன்று. அவ்வாறே, கனவிற் கண்டதையெல்லாம் தெய்வவாக்கென்று தலைமேற் கொள்வதும் நம் மரபன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நெறி உண்டு. அந்நெறி யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் துணையாக யான் எடுத்துக்கொள்வது ஒரு திரைப்படம்.

கல்லூரி மலரிலே இலக்கியத்திற்கும் சமயத்திற்கும் உள்ள இடத்தைச் சினிமாவிற்கும் அளிக்கலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். நல்ல நாவலும் நாடகமும் போல நல்ல திரைப்படமும் மனித உள்ளத்தை ஆராயும் கருவியே. அதிலும் நம்பிக்கை, காட்சி, பக்தி ஆகிய கண்ணுக்குப் புலனாகாப் பொருள்களைக் கண்ணுக்குப் புலனாகும் கலையொன்று எவ்வாறு கையாள்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. ஆதலின் அன்பர்கள் பொறுமையுடன் இதனைப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

யான் வாழும் சல்லி, திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சிற்றூர். கடலை நம்பி வாழ்பவர் பலர். அலையோசை கேட்கும் அண்மையில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். பொங்கல் நாளில் அயலூர்களிலிருந்தும் நகரிலிருந்தும் அடியார்கள் திரண்டு வருவர். பறை முழங்கும், வேப்பிலை மணக்கும், அடியார் சிலர்மேல் உரு வரும். அவர்தம் வாக்கைக் கேட்கக் கைகூப்பி நிற்போருள் யானும் ஒருவன். பொங்கல் முடிந்தபின் வகுப்பறையிற் புகுந்து, ‘காரணமின்றிக் காரியமில்லை’ என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பவனும் யானே. இவ்விரு நிலைகளுக்கும் நடுவில் நிற்கும் ஆசிரியர் பலர் இந்நாட்டில் உளர். அவர்களுக்கெல்லாம் உரியது இத்திரைப்படம்.

படமும் கதையும்

வங்காளத்தின் புகழ்பெற்ற திரைப்பட நெறியாளர் சத்தியஜித் ராய் (1921–1992) ‘பதேர் பாஞ்சாலி’ (1955) என்னும் முதற் படத்தாலேயே உலகப் புகழ் எய்தினார். அவர் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட வங்காளப் படமே ‘தேவி’. பிரபாத் குமார் முகோபாத்தியாயர் எழுதிய சிறுகதையொன்றைத் தழுவி அமைந்தது. அக்கதைக்குரிய கருவை அவருக்கு வழங்கியவர் மகாகவி இரவீந்திரநாத தாகூர் ஆவர். படப்பிடிப்பைச் சுப்ரதா மித்திராவும், இசையைச் சரோத் வித்தகர் அலி அக்பர் கானும் ஏற்றனர். 1962 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிற் போட்டிக்குரிய படங்களுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

கதை நிகழும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பிந்தியது. இடம் வங்காளத்துச் சிற்றூர் ஒன்று. அங்கே காளிகிங்கர ராய் என்னும் செல்வர் வாழ்கிறார். அவர் நிலவுடைமையாளர்; கல்வியறிவுடையவர்; மனைவியை இழந்தவர்; காளியின் பரம பக்தர். ‘காளியின் ஏவலாள்’ என்பதே அவர் பெயரின் பொருள். மூத்த மகன் தாராபிரசாத், தந்தை சொல்லைத் தட்டாதவன். இளைய மகன் உமாபிரசாத், கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பயில்பவன். அவனுடைய இளம் மனைவி தயாமயி. கணவன் கல்கத்தாவில் இருக்க, அவள் மாமனாருக்குப் பணிவிடை செய்தும், மூத்தவரின் குழந்தையைச் சீராட்டியும், கிளியொன்றை வளர்த்தும் காலங்கழிக்கிறாள். மாமனார் அவளை ‘அம்மா’ என்றே அழைப்பார். மருமகளை அவ்வாறு அழைப்பது நம்மவரிடையேயும் உள்ள வழக்கந்தானே. அந்த அன்புச் சொல்லே பின்னர் அவளைச் சிறைப்படுத்தும் சங்கிலியாகிறது.

ஓரிரவு காளிகிங்கரர் கனவு காண்கிறார். இருளில் தேவியின் கண்கள் மிதந்து வருகின்றன. அவை மெல்ல மெல்ல மருமகளின் முகமாக மாறுகின்றன. திடுக்குற்று எழுந்த முதியவர், தேவியே தம் இல்லத்தில் மருமகளாய் அவதரித்திருக்கிறாள் என்று துணிந்து, நேரே சென்று அவள் அடியில் வீழ்கிறார். மூத்த மகனும் வீழ்கிறான். மறுநாள் முதல் தயாமயி பீடத்தில் அமர்த்தப்படுகிறாள். தீபமும் தூபமும் காட்டப்படுகின்றன. ஊரார் திரள்கின்றனர். புகையினூடே பல மணிநேரம் அமர்ந்திருந்த பெண் மயங்கிச் சாய்கிறாள்; அம்மயக்கத்தையும் சமாதி நிலையென்றே கொள்கின்றனர்.

மூத்த மருமகள் ஹரசுந்தரி ஒருத்தியே இதனை நம்பாதவள். அவள் மடல் எழுதி உமாபிரசாத்தை வரவழைக்கிறாள். அவன் தந்தையோடு வழக்காடிக்கொண்டிருக்கும் வேளையிலேயே, ஏழை முதியவர் ஒருவர் சாகுந் தறுவாயிலிருந்த பேரனைத் தயாமயியின் முன் கிடத்துகிறார். பாத தீர்த்தம் ஊட்டப்படுகிறது. குழந்தை கண் விழிக்கிறது! மகனுடைய தருக்கமெல்லாம் அக்கணமே வலியிழந்து போகிறது. அன்றிரவு அவன் மனைவியை அழைத்துக்கொண்டு தப்பிச்செல்ல முயல்கிறான். ஆற்றங்கரை வரை வந்தவள் நின்றுவிடுகிறாள். தான் உண்மையிலேயே தேவியாக இருந்தால், தன்னை அழைத்துச் செல்லும் கணவனுக்குத் தீங்கு நேருமே என்று அஞ்சுகிறாள். இருவரும் திரும்புகின்றனர்.

பின்னர் மூத்தவரின் குழந்தை நோயுறுகிறது. தாய் வைத்தியரை நாடுகிறாள். வீட்டிலேயே தேவி இருக்க வைத்தியர் எதற்கு என்று கூறிக் குழந்தையைத் தயாமயியின் மடியிற் கிடத்துகின்றனர். ஓரிரவு கழிகிறது. குழந்தை இறந்துபோகிறது. முதியவர் காளியின் உருவத்தின் முன் கதறுகிறார். கல்கத்தாவிலிருந்து உறுதியோடு திரும்பிய உமாபிரசாத் காண்பது, சித்தம் கலங்கிய மனைவியையே. அவள் ஓடி வெளியே சென்று, ஒளியும் பனியும் கலந்த வெளியில் மறைவதோடு படம் முடிகிறது.

மூன்று காட்சிகள்

கதையைச் சொல்லிவிட்டால் படத்தைச் சொல்லியதாகாது. நெறியாளர் அதனை எவ்வாறு காட்டினார் என்பதிலேதான் நயம் தங்கியுள்ளது. மூன்று காட்சிகளை மாத்திரம் ஈண்டு எடுத்துக்காட்டுவேன்.

முதலாவது, படத்தின் தொடக்கம். பெயர்கள் காட்டப்படும்போது நம் கண்முன் நிற்பது வண்ணம் தீட்டப்படாத களிமண் முகம் ஒன்று. அதற்குக் கண்ணில்லை, திலகமில்லை, அணியில்லை. படிப்படியாக அம்முகத்திற்கு வண்ணமும் கண்களும் அணிகளும் வந்து சேர்கின்றன. ஈற்றில் தேவியின் திருமுகம் நம்மை நோக்குகிறது. மண் தெய்வமாகும் முறையை மனிதர் கைகளே இயற்றுகின்றன என்பது சொல்லின்றி உணர்த்தப்படுகிறது. அரை மணிநேரத்தின்பின் ஓர் உயிருள்ள பெண்ணின் முகத்திற்கும் இதுவே நிகழப்போகிறது என்பதை முதன்முறை பார்ப்பவர் அறியார். இரண்டாம் முறை பார்ப்பவர் நடுங்குவர்.

இரண்டாவது, முதியவர் வணங்கும் காட்சி. மாமனார் தன் காலடியில் தலைவைத்து வணங்குகையில், தயாமயி முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொள்கிறாள். அவளுடைய கால்விரல்கள் உள்நோக்கிச் சுருங்குகின்றன. வசனம் ஒன்றுமில்லை. பெரியவர் காலில் விழுந்து வணங்கியே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, பெரியவர் தன் காலில் விழுவது எத்துணை அச்சத்தையும் நாணத்தையும் விளைக்கும் என்பதை அச்சிறு விரல்கள் கூறிவிடுகின்றன. தயாமயியாக நடித்த சர்மிளா தாகூருக்கு அப்போது பதினைந்து வயதளவே ஆகியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ‘அபூர் சன்சார்’ படத்திலே உமாபிரசாத்தாக நடித்த சௌமித்திர சட்டர்ஜியுடன் அறிமுகமானவர் அவர். மாமனாராகத் தோன்றும் சபி பிஸ்வாஸ் வங்காள நடிகருள் முதன்மையானவர். அவர் முகத்திற் கபடத்தின் சாயலே இல்லை. இம்முதியவர் வஞ்சகராயின் நாம் எளிதில் வெறுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். அவரோ கண்ணீர் மல்க, மெய்யாகவே நம்புகிறார். ஆதலினாலேதான் இக்கதை நம்மைச் சுடுகிறது.

மூன்றாவது, ஆற்றங்கரை. தப்பியோட வந்த இடத்திலே, பூசை முடிந்தபின் நீரில் விடப்பட்ட தேவி உருவத்தின் எலும்புக்கூடு போன்ற சட்டம் கரையிற் கிடக்கிறது. மண்ணும் வண்ணமும் கரைந்துபோக, எஞ்சிய கூடு அது. அதனைக் கண்டபின்னரே தயாமயியின் கால்கள் தயங்குகின்றன. இக்காட்சியின் உட்பொருளைப் பின்னர் மீண்டும் நோக்குவாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பேரன் பிழைத்தெழும் நிகழ்ச்சியை ராய் அற்புதம் என்றும் கூறவில்லை, தற்செயல் என்றும் கூறவில்லை. குழந்தை கண் விழிக்கிறது, அவ்வளவே. நம்புவோர் நம்பலாம், ஐயுறுவோர் ஐயுறலாம். பார்ப்போரின் அறிவுக்கு அவர் அளித்த மதிப்பு இது.

நம் பக்திப் படங்களும் இப்படமும்

தமிழரின் சினிமாவும் தெய்வக் கதைகளினாலேயே வளர்ந்தது. தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) காளியின் அருளால் கவியான ஒருவன் கதை. தண்டபாணி தேசிகர் பாடி நடித்த ‘நந்தனார்’ (1942), ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘திருவிளையாடல்’ (1965), ‘காரைக்கால் அம்மையார்’ (1973) ஆகியன நம் பெற்றோர் கண்ணீர் விட்டுக் கண்டு களித்தவை. அப்படங்களிலே இறைவன் நம் கண்முன் வந்து நிற்கிறான். அடியார் காண்பதைப் படக்கருவியும் காண்கிறது. ஆதலின் நாமும் காண்கிறோம். ஐயத்திற்கு அங்கே இடமில்லை. புராணத்தை உரைப்பார் உரைக்க, நாம் செவிமடுக்கும் நிலையே அது. அதனை ஒரு குறையாக யான் கூறவில்லை. கதாப்பிரசங்கத்திற்கு அதற்குரிய பயன் உண்டு.

‘தேவி’யோ வேறு இயல்பினது. அங்கே கனவு ஒருவருக்கு மாத்திரம் உரியது. அவர் உறக்கத்திற் கண்டதை நாமும் காண்கிறோம். ஆயினும் உறக்கத்திற் கண்டதாகவே காண்கிறோம். அக்கனவு மெய்யோ பொய்யோ என்று கூறத் தெய்வம் வந்து நிற்பதில்லை. மனிதரே தீர்ப்புச் செய்ய வேண்டும். தீர்ப்பின் பயனை மனிதரே அனுபவிக்கவும் வேண்டும். நம் அன்றாட வாழ்க்கையும் இந்நிலையிலேயே உள்ளது.

சில ஆண்டுகளின்முன் எம் உயர்தர வகுப்பு மாணவர்க்கு இப்படத்தைத் திரையிட்டுக் காட்டினேன். கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் வங்காள மொழி என்று முணுமுணுத்தவர்கள், கனவுக் காட்சிக்குப் பின் வாய் திறக்கவில்லை. முடிந்தபின் மாணவியொருத்தி எழுந்து, “சேர், அந்தத் தாத்தா அவளிடம் ஒரு சொல்லுக் கூடக் கேட்கவில்லையே?” என்றாள். பல திறனாய்வுகளைப் படித்தும் யான் காணாத திறவுகோலை அப்பிள்ளை என் கையிற் கொடுத்தாள். உண்மையிலே, படம் முழுவதிலும் காளிகிங்கரர் தயாமயியை நோக்கி, ‘உனக்கு ஏதேனும் தோன்றியதா?’ என்று வினவவேயில்லை. காட்சி கண்டவர் அவர்; சுமை தாங்கியவள் அவள்.

பெரியபுராணம் கூறும் சான்று

இம்மாணவியின் வினாவை மனத்திற் கொண்டு நம் பெரியபுராணத்தை நோக்குமிடத்து, சேக்கிழார் பெருமான் இதற்கு விடை வைத்துள்ளமை புலனாகிறது.

காஞ்சியிலே கற்கோயில் எடுத்த காடவர் கோன் குடமுழுக்கிற்கு நாட்குறித்தான். அவ்விரவு இறைவன் கனவிலே தோன்றி, திருநின்றவூரிலே பூசலார் எடுத்த கோயிலில் மறுநாள் புகவிருப்பதால், நீ குறித்த நாளை மாற்றுவாயாக என்று பணித்தான். அரசன் என் செய்தான்? திருநின்றவூருக்குச் சென்றான், பூசலார் எடுத்த கோயில் எங்கேயென்று தேடினான், கல்லாலான கோயிலைக் காணாது, பூசலாரிடமே சென்று வினவினான். பொருளில்லாமையால் மனத்தினுள்ளேயே கோயில் எடுத்தமையை அவர் கூறக் கேட்டு, அவரடியில் வீழ்ந்து வணங்கினான். இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, கனவு கண்டவன் சென்று கேட்டான். கனவிற் கேட்டதும் பூசலார் உள்ளத்தில் இருந்ததும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. மற்றொன்று, அக்கனவு அரசனிடமே ஒன்றை வேண்டியது. அவன் தன் நாளையும் தன் பெருமையையும் விட்டுக்கொடுத்தான்.

காரைக்காலம்மையார் வரலாறு இன்னும் அணுக்கமானது. மனைவி புனிதவதியார் இறையருளால் மாங்கனி பெற்றதைக் கண்ட பரமதத்தன், அவரைத் தெய்வமென்று அஞ்சினான். கடல் வாணிகம் செய்யச் சென்றவன் திரும்பாமல், பாண்டிநாட்டிலே வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்கு அம்மையார் பெயரையே சூட்டினான். சுற்றத்தார் அம்மையாரை அங்கே அழைத்துவர, மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் அடியில் வீழ்ந்தான். கணவன் மனைவியைத் தெய்வமென வணங்கியதால் அவர்தம் இல்வாழ்க்கை முடிந்தது. தயாமயியின் கதையும் ஒருவாற்றான் இதுவே. ஆயின் எத்துணை வேறுபாடு! புனிதவதியார்க்கு அருள் வந்தது அவர்தம் சொந்த வேண்டுதலால். கனி வந்தது அவர்தம் கையிலே. கணவன் வணங்கியபின்பும் பிறர் அமைத்த பீடத்தில் அவர் அமரவில்லை. ஊன் சுமந்த உடலை உதறித் தாமே இறைவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்றார். தாமே கயிலைக்கு நடந்தார். அவர் பெற்றது அவர் வேண்டியது. தயாமயிக்கோ வேண்டுவதற்கே இடமளிக்கப்படவில்லை.

ஈண்டு ஓர் உரைகல் கிடைக்கிறது. பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல், அருட்காட்சி என்று கூறப்படுவதை இவ்வாறு உரைத்துப் பார்க்கலாம். அக்காட்சியின் சுமை யார்மேல் விழுகிறது? கண்டவர்மேல் விழுந்து அவரைப் பணியச் செய்யின், அது போற்றத்தக்கது. கண்டவரை விடுத்து, வாய் திறவாத வேறொருவர்மேல் விழுமாயின், அங்கே நாம் அஞ்ச வேண்டும்.

ஆவாகனமும் விசர்சனமும்

ஆற்றங்கரைக் காட்சிக்கு மீள்வாம். நம் கிரியைகளிலே கும்பத்திலோ உருவத்திலோ தெய்வத்தை எழுந்தருளச் செய்தலை ஆவாகனம் என்பர். கிரியை முடிவில் விடைகொடுத்து அனுப்புதலை விசர்சனம் என்பர். வங்காளத்துத் துர்க்கா பூசையிலே, விழா நாட்களில் தாயாகக் கொண்டாடிய அதே உருவத்தை ஈற்றில் ஆற்றிலே விடுவர். நேற்றுவரை தெய்வம், இன்று மண்ணும் வைக்கோலும். இதிலே முரண்பாடு எதுவுமில்லை. எழுந்தருளியவளுக்கு விடைகொடுக்கும் முறையை அறிந்த சமயம் நம்முடையது.

நம் கீழ்மாகாணத்துச் சடங்குகளும் இவ்வுண்மையையே காட்டுகின்றன. அம்மன் சடங்கின் முடிவிலே திருக்குளிர்த்தி நடைபெறும். உரு வந்து ஆடியவரை நீர் தெளித்துத் திருநீறு பூசித் தணித்து, அவர் தம் நிலைக்கு மீண்டபின்னரே வீட்டுக்கு விடுவர். மறுநாள் அவர் வலையைத் தோளிலிட்டுக் கடலுக்குச் செல்வார். நாமும் முன்போலவே அவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அழைப்போம். நவராத்திரியிலே சிறுமியைக் குமாரியாக அமர்த்தி வணங்குவோர், வணக்கம் முடிந்ததும் அவளை விளையாட அனுப்பிவிடுவர். முன்னோர் எவ்வளவு கருணையோடு இம்முறைகளை வகுத்தனர் என்பதைத் ‘தேவி’யைக் கண்டபின்னரே யான் நன்கு உணர்ந்தேன்.

தயாமயிக்கு ஆவாகனம் நிகழ்ந்தது, விசர்சனம் நிகழவில்லை. மண்ணாலான தேவிக்குக் கூட விடைகொடுத்த ஊர், உயிருள்ள பெண்ணுக்கு விடைகொடுக்க மறந்தது. கரையிற் கிடந்த அந்த வெறுங்கூடு அவளிடம் இதனைத்தான் கூறியதோ என்று எண்ணத் தோன்றுகிறது. அதன்பின் அவளுக்கு அவள்மீதே ஐயம் பிறக்கிறது. பிறர் நம்பிக்கை அவள் உள்ளத்திற்குள்ளும் புகுந்து குடிகொள்கிறது. இப்படத்தின் ஆழ்ந்த துயரம் குழந்தையின் சாவிலும் பார்க்க இதிலேயே உள்ளதென்பது என் கருத்து.

ஓர் ஆட்சேபம்

இப்படம் வெளிவந்தபோது வங்காளத்தில் எதிர்ப்பு எழுந்தது. ராய் பிரம்ம சமாஜக் குடும்பத்தவர். ஆதலின் உருவ வழிபாட்டை இழிவுபடுத்தவே படமெடுத்தார் என்று சிலர் குற்றஞ் சாட்டினர். தாம் தாக்கியது சமயத்தின் பெயரால் விளையும் பிடிவாதத்தையே, சமயத்தையன்று என்று அவர் பின்னாளில் விளக்கங் கூறினார்.

ஆட்சேபத்தை எளிதில் ஒதுக்குதல் கூடாது. மனிதரிலே தெய்வத்தைக் காணல் நம் சமயத்தின் உயர்ந்த நிலைகளுள் ஒன்று. அதே வங்காளத்திலே, 1872 ஆம் ஆண்டளவில், தட்சிணேசுவரத்தில் இராமகிருஷ்ண பரமஹம்சர் தம் மனைவி சாரதா தேவியாரைப் பீடத்தில் அமர்த்திச் சோடசி தேவியாகப் பூசித்தார். விபுலானந்த அடிகள் தொண்டாற்றிய திருகோணமலை மண்ணிலே வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. காளிகிங்கரர் செய்ததும் இதுதானே என்று ஒருவர் வினவலாம்.

முன்கூறிய உரைகல்லிலே இதனையும் உரைத்துப் பார்ப்போம். பரமஹம்சர் தம் சாதனையின் பயனையெல்லாம் அப்பூசையிலே தேவியார் அடியில் ஒப்படைத்தார் என்பர். அஃதாவது, காட்சியின் விலையை அவரே செலுத்தினார். பூசை ஓரிரவில் நிறைந்தது. ஊரைக் கூட்டி வரங்கேட்க வைக்கவில்லை. தேவியார் 1920 வரை வாழ்ந்து, சமைத்தும் பரிமாறியும் நோயாளரைப் பேணியும், அடியார் பலர்க்குத் தாயாகவும் குருவாகவும் விளங்கினார். பெருமை அவர் வாழ்க்கையை விரித்தது. தயாமயியின் வாழ்க்கையையோ அது பறித்துக்கொண்டது. ஆதலின் இப்படம் பக்திக்குப் பகையன்று. பக்தியின் பெயரால் நிகழும் ஒரு பிழையைப் பக்தர்க்கே எடுத்துக்காட்டும் நண்பன் அது என்பேன்.

நம் ஊரிலும் நிகழும் கதை

இவ்வளவையும் யான் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில் வேறோர் ஊரிலே கற்பித்தேன். எட்டாம் வகுப்பிலே கணிதத்தில் முதன்மையாய் விளங்கிய சிறுமியொருத்தி இருந்தாள். ஒரு சடங்கிலே அவள்மேல் உரு வந்தது. அவள் கூறிய வாக்கொன்று பலித்ததாம். அடுத்த கிழமை நோயாளர் வந்தனர். அதற்கடுத்த கிழமை காணாமற் போனோரைத் தேடுவோர் வந்தனர். அது போர்க்காலம், விடை தெரியாத வினாக்களோடு மக்கள் அலைந்த காலம். அவர்களை எவ்வாறு குறை கூறுவது? தந்தை நல்லவர், காசு வாங்காதவர், மகளைத் தெய்வமென்றே நம்பியவர். மகள் பள்ளிக்கு வருவது குறைந்து, பின் நின்றுபோயிற்று.

ஒருநாள் யான் அவ்வீட்டிற்குச் சென்றேன். கூட்டத்தின் நடுவே மஞ்சட் சேலையில் அமர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கண்கள் தாழ்ந்தன. அவள் தந்தையிடம் பள்ளி பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கூடியிருந்தோர் முகங்களைக் கண்டேன். தெய்வ குற்றமாகுமோ என்ற அச்சம் என்னையும் பற்றியது. திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கலைப்பட்டம் பெறப் படித்துக்கொண்டிருந்த ஆசிரியன், ஒரு சொல் கேட்காது திரும்பிவிட்டேன். சில மாதங்களில் அவர்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். அவளுக்குப் பின்னர் யாது நிகழ்ந்தது என்பதை யான் அறியேன்.

‘தேவி’யிலே யான் என்னைக் கண்டது காளிகிங்கரரிடத்தன்று, உமாபிரசாத்திடத்தே. அவனும் படித்தவன். அவனுக்கும் உண்மை தெரியும். ஆயினும் ஒரு குழந்தை கண் விழித்ததும் வாயடைத்து நின்றான். மனைவி தயங்கியதும் தானும் தயங்கினான். அவன் உறுதி கொண்டு திரும்பியபோது காலம் கடந்துவிட்டது. படித்தவர்க்குரிய குற்றம் மூடநம்பிக்கையாதல் அரிது. காலந்தாழ்த்தலே அவர்க்குரிய குற்றம். படத்திலே உறுதியாக நின்றவள் ஹரசுந்தரி. பட்டணக் கல்வி அவளுக்கில்லை. குழந்தைக்கு வைத்தியம் வேண்டும் என்ற தாயறிவு மாத்திரம் இருந்தது. அவள் சொல்லை யாரும் ஏற்கவில்லை.

நம் ஊர்த் தாய்மார் பலர் ஹரசுந்தரியின் வழியினர் என்பது நமக்கு ஆறுதல். அம்மாள் வருத்தம் என்று வந்தால் வேப்பிலை கட்டுவர். அம்மனுக்கு நேர்த்தி வைப்பர். காய்ச்சல் ஏறினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கும் ஓடுவர். ஒரு காலத்தில் ஊர்களை அழித்த பெரியம்மை நோய், உலகிலிருந்தே ஒழிந்ததென 1980 இல் அறிவிக்கப்பட்டது. அதனை ஒழித்தது தடுப்பூசி. அதன்பின் முத்துமாரியை நாம் கைவிட்டோமா? இல்லை. அவள் கோயிற் பொங்கலுக்கு மக்கள் இன்றும் திரள்கின்றனர். மருந்து மருந்தின் வேலையைச் செய்ய, தாய் தாயாகவே இருக்கிறாள். இரண்டையும் பகையாக்கியது காளிகிங்கரரின் பிழை.

முடிவுரை

‘தேவி’யைக் காணும் அன்பர்கள், ஒருமுறை கதைக்காகவும் மறுமுறை தயாமயியின் முகத்திற்காகவும் காண்பாராக. புதுப்பிக்கப்பட்ட நல்ல பிரதிகள் இப்போது கிடைக்கின்றன. ஒன்றரை மணிநேரத்திற்குச் சற்றே மிகுந்த படம். ஆசிரியர்கள் வகுப்பிலே காட்டின், விளக்கவுரையை முன்கூட்டியே கூறாது, முடிந்தபின் மாணவர் வினாவிற்குக் காத்திருப்பாராக.

மாணவர்க்கு ஒன்று கூறி அமைகிறேன். நீவிர் கோயிலுக்குச் செல்லுங்கள், கைகூப்புங்கள், கனவு கண்டவர் கூறுவதை இகழாமற் கேளுங்கள். ஆயின் அக்கனவின் பெயரால் யாரேனும் ஒருவர் பீடத்தில் அமர்த்தப்பட்டிருப்பாராயின், கூட்டத்தை விலக்கி அவரருகே சென்று, ‘உனக்கு இது விருப்பமா? வீட்டுக்குப் போக வேண்டுமா?’ என்று கேளுங்கள். அம்மன் அதனைக் குற்றமாகக் கொள்ளாள். தயை நிறைந்தவள் என்பதன்றோ தயாமயி என்னும் பெயரின் பொருள்! அன்று அந்த மஞ்சட் சேலைச் சிறுமியிடம் யான் கேளாது விட்ட வினாவும் அதுவே.